ஜான் பிரைன்: பெரிய கம்பெனியை உதறியவரா, பெரிய கம்பெனி வளர்த்த பிள்ளையா?

வடக்குவாசல் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்க கன்ட்ரி, ஃபோக் (அந்த ஊர் நாட்டுப்புற இசை வகைகள்) பாடகர்கள் என்று பேச்சு எடுத்தாலே இங்கே டிலனும் ஜானி கேஷும்தான் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே இழைகள் ஏராளம். இந்த இழை ஜான் பிரைனுக்கு. அவர் பாட்டைப் பற்றி யார் வேண்டுமானாலும் உருகலாம். எனக்குப் பேச வேண்டியிருப்பது அவர் அந்தப் பாட்டை வைத்துக் குடும்பம் நடத்திய விதத்தைப் பற்றி.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1946-இல் சிகாகோவை ஒட்டிய மேவுட்டில் பிறந்தார். பெற்றோர் கென்டக்கியிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்தவர்கள். பட்டாளத்தில் இழுத்துப் போட்டார்கள். வியட்நாமுக்குப் போகாமல் மேற்கு ஜெர்மனியில் வண்டி ரிப்பேர் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஊருக்கு வந்து தபால்காரர் வேலை. 1971-இல் அட்லாண்டிக் கம்பெனி முதல் ஆல்பத்தைப் போட்டது. 1980-க்குள் அட்லாண்டிக்குக்கு நாலு, அசைலம் கம்பெனிக்கு மூன்று என ஏழு ஆல்பம். 1981-இல் மேனேஜர் அல் புனெட்டா, நண்பர் டான் ஐன்ஸ்டைன் இருவரோடும் சேர்ந்து 'ஓ பாய் ரெக்கார்ட்ஸ்' என்று சொந்தக் கடை போட்டார். 2020 ஏப்ரல் 7 அன்று கொரோனாவில் இறக்கும்வரை அதை விட்டு நகரவில்லை.

அந்தக் கம்பெனியின் முதல் முழு ஆல்பம் 1984-இல் வந்தது. ரசிகர்கள் முன்கூட்டியே செக் எழுதித் தபாலில் அனுப்பினார்கள், அந்தப் பணத்தில் இசைத்தட்டு அடித்து அவர்களுக்கே தபாலில் போனது. இன்றைக்குக் கூட்டுநிதி என்று இணையத்தில் செய்வதை, இணையம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் ஒரு முன்னாள் தபால்காரர் தபாலை வைத்தே செய்து காட்டினார்.

என் கட்சி இதுதான்: சுயாதீனப் பாடகர் என்று இன்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் எல்லோருக்கும் பாதை போட்டவர் பிரைன். மறுப்பவர்கள் வரலாம்.

மாற்றுக்கட்சி

வந்துவிட்டேன்.

கதை நன்றாக இருக்கிறது வடக்குவாசல், ஆனால் நடுவில் ஒன்றை வேகமாகத் தாண்டிவிட்டீர்கள். அந்த ஏழு ஆல்பம் யார் காசு? முதல் ஆல்பத்தை மெம்பிஸில் அமெரிக்கன் சவுண்ட் ஸ்டுடியோவில் எடுத்தார்கள். எல்விஸுக்கு வாசித்த ஆட்களே வாசித்தார்கள். தயாரிப்பு ஆரிஃப் மார்டின், பாடகி அரீதா ஃபிராங்க்ளினுக்கு வேலை பார்த்த மனிதர். இதெல்லாம் தபால்காரர் சம்பளத்தில் நடக்குமா?

1984-இல் செக் அனுப்பிய ரசிகர்களைப் பிடித்து, இவரை எப்படித் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். அட்லாண்டிக் தட்டில் கேட்டேன் என்பார்கள். பெரிய கம்பெனி பத்து வருடம் உரம் போட்ட மரத்தைப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தன் தோட்டத்தில் நட்டுக்கொண்டார். புத்திசாலித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயரே இல்லாமல் தொடங்குகிற ஒரு பையனுக்கு அதில் என்ன பாதை இருக்கிறது?

தட்டுப்பெட்டி

மாற்றுக்கட்சி தம்பி சொல்வதில் பாதி சரி. மீதியைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பெரிய கம்பெனி வருவதற்கு முன்னாலேயே அந்த ஆளிடம் பாட்டு தயாராக இருந்தது. அதுதான் எனக்கு முக்கியம். 14 வயதில் அண்ணன் டேவ் கிதார் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு சிகாகோவில் ஓல்ட் டவுன் ஃபோக் இசைப் பள்ளியில் வகுப்பு. பாட்டெல்லாம் தபால் போடும் நடையில் மனதுக்குள்ளேயே கட்டியது. ஒரு மாதம் நடந்தால் அந்தத் தெருக்களில் யோசிக்க வேண்டியது எதுவும் இருக்காது, கால் தானாகப் போகும், மூளை சும்மா இருக்கும். குளிர்காலத்தில் சிகாகோ காற்று தாங்காது. தெருவோரத்தில் தபால் மூட்டைகளை இறக்கிவைக்கும் பெரிய இரும்புப் பெட்டிகள் உண்டு. அதற்குள் புகுந்து உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

இசைப் பள்ளிக்கு எதிரே ஃபிஃப்த் பெக் என்று ஒரு மதுக்கடை. வாரத்தில் ஒரு ராத்திரி யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம். பிரைன் கீழே உட்கார்ந்து பாடுகிறவர்களை நக்கல் அடித்துக்கொண்டிருக்க, 'முடிந்தால் நீ போய்ப் பாடு' என்று யாரோ சீண்டினார்கள். ஏறினார். முதல் தடவையாக வெளி ஆட்கள் முன்னால் பாடியவை: போரிலிருந்து போதைப் பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய் பற்றி ஒன்று, பிள்ளைகள் போனபின் தனியாகக் கிடக்கும் கிழவன் கிழவி பற்றி ஒன்று, நிலக்கரிக் கம்பெனி தின்று தீர்த்த ஊரைப் பற்றி ஒன்று. முடிந்ததும் கைதட்டலே இல்லை. ஜனங்கள் வெறித்துப் பார்த்தார்கள். பிடிக்கவில்லை போல என்று கிளம்பப் பார்த்த நேரத்தில்தான் தட்ட ஆரம்பித்தார்கள். கடைக்காரர் வாரம் ஒரு நாள் பாடு, வசூலில் பங்கு தருகிறேன் என்றார்.

அப்போது வயது 22, 23. கம்பெனி, மேனேஜர், விளம்பரம் ஒன்றும் இல்லை. இந்த மூன்று பாட்டும் பின்னால் அப்படியே அட்லாண்டிக் ஆல்பத்துக்குள் போயின. கம்பெனி சொல்லிக்கொடுத்து எழுதியது அதில் எது?

மூன்றாவது பாட்டில் வரும் ஊர் பாரடைஸ், கென்டக்கி மாநிலம், மூலன்பர்க் கவுன்டி. பீபாடி கம்பெனி மேல்மண்ணை வழித்து நிலக்கரி எடுத்த பகுதி. 1967-இல் மிச்சமிருந்த வீடுகளையும் இடித்துவிட்டார்கள். பிரைனின் அப்பாவுக்குச் சொந்த மண் அது. பதிவான பாட்டை வீட்டில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டியபோது அவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, ஏதோ கடையில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் இது ஓடுகிற மாதிரி நினைத்துக் கேட்கலாம் என்றுதான் என்றார். ஆல்பம் கடைக்கு வருவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

மாற்றுக்கட்சி

அண்ணா, பாட்டு அவருடையது என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. என் கேள்வி அது மேவுட்டைத் தாண்டிப் போன வழியைப் பற்றியது. அந்தக் கதையை நீங்களே சொல்லுங்கள்: சினிமா விமர்சகர் ராஜர் ஈபர்ட் படம் பார்க்கப் போகிறார். பாப்கார்னில் உப்பு அதிகம். தாகத்துக்கு ஒரு பீர் குடிக்கலாம் என்று வெளியே வந்தவர் பிரைன் பாடும் கடைக்குள் நுழைகிறார். படத்துக்கு விமர்சனம் எழுத வேண்டியவர் 1970 அக்டோபர் 9 சிகாகோ சன்-டைம்ஸில் பாடும் தபால்காரரைப் பற்றி எழுதுகிறார். அன்றிலிருந்து கடையில் காலி நாற்காலி கிடையாது. இது திட்டமா, அதிர்ஷ்டமா?

அடுத்த வருடம் பிரபல பாடகர் கிறிஸ் கிறிஸ்டாஃபர்சன் கேட்டார். அதுவும் அப்படித்தான்.

தட்டுப்பெட்டி

அதிர்ஷ்டம்தான், யார் இல்லை என்றது. (கட்டுரை வந்த மறுநாள் அவருக்கு 24-ஆவது பிறந்தநாள். நல்ல பரிசு.)

கிறிஸ்டாஃபர்சன் கதையை மட்டும் சரியாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் ஸ்டீவ் குட்மன் இருக்கிறார். குட்மனும் சிகாகோ பாடகர், பிரைனின் உயிர் நண்பர். 1971-இல் கிறிஸ்டாஃபர்சனின் நிகழ்ச்சிக்கு முன்னால் பாடும் வாய்ப்பு குட்மனுக்குக் கிடைத்தது. கிறிஸ்டாஃபர்சன் பாராட்டியதும் குட்மன் செய்தது என்ன தெரியுமா? 'என்னை விடுங்கள், என் நண்பன் ஒருத்தன் இருக்கிறான், அவனைக் கேளுங்கள்' என்று நள்ளிரவுக்கு மேல் டாக்சியில் ஏற்றி இழுத்துக்கொண்டு வந்தார், கூடவே பாடகர் பால் ஆங்காவையும். பிரைன் எர்ல் ஆஃப் ஓல்ட் டவுன் கடையில் அன்றைய சம்பளத்துக்குக் காத்துக்கொண்டு தூங்கி வழிந்துகொண்டிருந்தார். நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்தாயிற்று. ரெண்டு நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். முடிந்ததும் கிறிஸ்டாஃபர்சன் ஒரு பீர் வாங்கிக் கொடுத்து, இப்போது பாடியதையெல்லாம் இன்னொரு முறை பாடு, வேறு இருந்தால் அதையும் பாடு என்றார்.

பிறகு நியூயார்க்கில் பிட்டர் எண்ட் கடையில் தன் மேடையில் ஏற்றிவிட்டார். கூட்டத்தில் அட்லாண்டிக் கம்பெனியின் பெரிய தலை ஜெர்ரி வெக்ஸ்லர். மறுநாளே ஒப்பந்தம்.

தன் வாய்ப்பை நண்பனுக்குத் திருப்பிவிட்ட குட்மனுக்கு அப்போதே ரத்தப் புற்றுநோய். 1984-இல் 36 வயதில் போய்விட்டார்.

புதுவரவு

மன்னிக்கவும், இவர் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஏழு ஆல்பம் போட்டும் அவ்வளவு பிரபலம் இல்லையா?

வடக்குவாசல்

புதுவரவு, முதல் ஆல்பம் அப்போது பில்போர்டு விற்பனைப் பட்டியலில் ஏறிய உச்சம் 154. எல்லாப் பத்திரிகையும் கொண்டாடியது. 1973 கிராமி இசை விருதில் சிறந்த புதுமுகம் பிரிவில் பெயர் வந்தது, பரிசு வேறு குழுவுக்குப் போனது. விமர்சகர்களுக்குச் செல்லப்பிள்ளை, விற்பனைப் பிரிவுக்குத் தலைவலி. மாற்றுக்கட்சி சொல்லும் உரம் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதற்கு இந்த 154 போதும்.

ஐந்தொகை

கொஞ்ச நாளாக எட்டிப் பார்க்கவில்லை. நல்ல சண்டை. யாரும் காசுக்கணக்கைத் தொடவில்லை என்பதால் நான் தொடுகிறேன், தொழில் புத்தி.

ஒரு பாட்டுக்கு இரண்டு சொத்து உண்டு. மெட்டும் வரியும் ஒரு சொத்து, அதை எழுதினவர் பக்கம். அதைப் பாடிப் பதிவு செய்த ஒலி இன்னொரு சொத்து, மாஸ்டர் என்பார்கள், பெரும்பாலும் கம்பெனி பக்கம். பிரைன் கம்பெனிகளிடம் விட்டது இரண்டாவதை. அவருக்குச் சோறு போட்டதில் பெரும் பங்கு முதலாவது.

அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒருமுறை தட்டாக வெளிவந்துவிட்டால் வேறு யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதிவு செய்யலாம். எழுதினவரின் அனுமதி தேவையில்லை, ஆனால் சட்டம் வைத்த விலையைக் கொடுத்தாக வேண்டும். 1909-இல் ஒரு பிரதிக்கு 2 சென்ட் என்று வைத்தார்கள். 1978 வரை அதே 2 சென்ட்! 2006-இல் 9.1 சென்ட், 2023-இல் 12 சென்ட்.

அவர் பாட்டு ஒன்றைப் பாடகி போனி ரெய்ட் 1974-இல் பாடினார், இன்றைக்குப் பலருக்கு அது ரெய்டின் பாட்டாகவே தெரியும். அந்தத் தட்டு விற்ற ஒவ்வொரு லட்சம் பிரதிக்கும் 2,000 டாலர். வழக்கமான ஏற்பாட்டில் அதில் பாதி, பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பாளருக்கு. ஆக எழுதினவர் கையில் ஆயிரம். இதை வைத்துப் பங்களா கட்ட முடியாது. ஆனால் அந்தப் பாட்டு நிற்கவில்லை, ஐம்பது வருடமாக யாராவது ஒருவர் பாடிக்கொண்டே இருக்கிறார்.

இப்போது உண்மையான விஷயம். அமெரிக்காவில் வானொலி நிலையங்கள் பாடகருக்குக் காலணா கொடுக்க வேண்டியதில்லை. ஏரியலில் வரும் சாதாரண வானொலியில் ஒலிக்கும் பாட்டுக்குப் பணம் போவது எழுதினவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டும். உலகத்தில் பல நாடுகளில் இப்படி இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்: 1986-இல் ஓ பாயில் வந்த பிரைனின் ஆல்பத்தில், ராஜர் குக் என்பவரோடு சேர்ந்து எழுதிய ஒரு நடனப் பாட்டு. வந்தபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1998-இல் கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் அதை எடுத்துப் பாடினார். கன்ட்ரி பட்டியலில் முதலிடம். நாடு முழுக்க கன்ட்ரி நிலையங்களில் நாள் முழுக்க அது ஓடியது. வானொலிக் காசில் ஸ்ட்ரெய்ட்டுக்குப் பூஜ்யம், பிரைனுக்கும் குக்குக்கும் பங்கு.

1998 எந்த வருடம்? பிரைன் கழுத்தில் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, கதிர்வீச்சு எடுத்துக்கொண்டு, பாட முடியாமல் உட்கார்ந்திருந்த வருடம். மேடை ஏறாத பாடகனுக்கு வேறு வழியில் வருமானம் கிடையாது. எழுதுகிற பாடகனுக்கு உண்டு.

இதே மாதிரி 1983-இலும் ஒன்று நடந்தது: அதே குக்கோடு எழுதிய இன்னொரு பாட்டை டான் வில்லியம்ஸ் பாடி முதலிடம் பிடித்தார். ஓ பாய் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த நேரம்.

ஆகவே மாற்றுக்கட்சியின் கேள்வியை நான் திருத்தி வைக்கிறேன்: அவரைத் தாங்கியது அட்லாண்டிக்கின் பெயரா, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் எழுத்தாளர் ராயல்டியா? என் ஓட்டு இரண்டாவதுக்கு.

மாற்றுக்கட்சி

ஐந்தொகை சார், இது எனக்குத் தெரியாத கோணம், நன்றி. ஆனால் கவனியுங்கள், இது வடக்குவாசலின் கட்சியையும் உடைக்கிறது. ஸ்ட்ரெய்ட் எம்.சி.ஏ. என்ற பெரிய கம்பெனியின் ஆள். சுயாதீனமாக வாழ்ந்தவருக்குச் சோறு போட்டது பெரிய கம்பெனியின் விற்பனை வண்டியும் வானொலி பலமும்தான். முன்வாசல் வழியாக வெளியேறி, சமையலறை வழியாக உள்ளே வந்திருக்கிறார்!

வடக்குவாசல்

வரட்டுமே. சுயாதீனம் என்றால் காட்டுக்குள் போய்த் தவம் செய்வதா? உன் தட்டை எப்போது போடுவது, அட்டையில் என்ன படம், எத்தனை நாள் கச்சேரி சுற்றுவது, இதை முடிவு செய்வது யார் என்பதுதான் கேள்வி. ஸ்ட்ரெய்ட் அவர் பாட்டைப் பாடினதால் பிரைன் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லையே.

பனைமரத்தடி

டொராண்டோவிலிருந்து. நீங்கள் எல்லோரும் காசைப் பற்றியே கதைக்கிறீர்கள், குரலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே.

கழுத்துச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவருடைய குரல் முற்றாக மாறிவிட்டது. கீழே இறங்கி, சரளைக்கல் உருளுகிற மாதிரி. கழுத்தின் ஒரு பக்கம் சதையும் போய்விட்டதால் தலை சற்றுச் சாய்ந்தே இருக்கும். கதிர்வீச்சுக் கொடுக்கும்போது குரல்நாணுக்குக் காப்பு வைக்கலாமா என்று வைத்தியர் யோசித்தாராம். நான் பாடி நீங்கள் கேட்டதே இல்லையா என்று இவர் திருப்பிக் கேட்டாராம். தன் குரலைப் பற்றி அவருக்கு எந்தக் காலத்திலும் மயக்கம் இருக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. பழைய பாட்டுகளை எல்லாம் சுருதி இறக்கிப் பாட வேண்டி வந்தது. இறக்கினதும் அந்தப் பாட்டுகள் தனக்கே புதிதாகக் கேட்டன என்று சொன்னார். முதுமையைப் பற்றி எழுதின அந்தப் பாட்டை யோசியுங்கள். எழுதும்போது இருபது சொச்சம் வயது. சின்ன வயதில் முதியோர் இல்லத்தில் பத்திரிகை போட்ட ஞாபகத்தில் எழுதியது. 71-ஆம் ஆண்டுப் பதிவில் ஒரு பொடியன் மூக்கால் பாடுகிறான். எழுபது வயதில் அதே பாட்டை அதே ஆள் அந்தச் சரளைக் குரலில் பாடுகிறார். நான் இங்கே ஒரு மண்டபத்தில் நேரில் கேட்டேன். எனக்கு முன் வரிசையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, பாட்டு முடியும்வரை அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

2013-இல் நுரையீரலிலும் புற்றுநோய் வந்தது. இடது பக்கம் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். உடற்பயிற்சி வைத்தியர் அவரை வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்கச் சொல்லி, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே கிதாரை எடுத்து இரண்டு பாட்டுப் பாடச் சொன்னாராம். ஆறு மாதத்தில் மேடை.

ஒரு பெரிய கம்பெனி இந்தக் குரலை 1999-இல் வைத்திருக்குமா? அந்த வருடம் அவர் போட்டது கிட்டத்தட்ட முழுக்கப் பெண் பாடகிகளோடு பழைய கன்ட்ரி சோடிப் பாட்டுகள். ஒரே ஒரு பாட்டுத்தான் அவர் எழுதினது. அதை ஐரிஸ் டிமென்டோடு பாடினார். கணவன் மனைவி ஒருவரை ஒருவர் நக்கலடிக்கும் பாட்டு. வேறெங்காவது இருந்திருந்தால் அந்தத் திட்டத்தைக் கேட்ட உடனேயே கதவைக் காட்டியிருப்பார்கள். சொந்தக் கம்பெனி எதற்கு என்று மாற்றுக்கட்சி கேட்டால் என் பதில் இதுதான்.

தட்டுப்பெட்டி

அருமை பனைமரத்தடி.

ஐந்தொகைக்கு ஒரு எதிர்க்கணக்கு, வேடிக்கைக்கு. எழுத்தாளர் ராயல்டியின் அருமை தெரிந்த இதே மனிதர், ஒரு பாட்டில் தன் பெயரே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். குட்மனும் இவரும் சேர்ந்து கன்ட்ரி பாட்டுகளைக் கேலி செய்து ஒன்று எழுதினார்கள். கன்ட்ரிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று பிரைன் தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். 1975-இல் டேவிட் ஆலன் கோ அதைப் பாட, பெரிய வெற்றி. பணமெல்லாம் குட்மனுக்கு. அவர் சும்மா இருக்காமல் பிரைனுக்கு ஒரு பழைய ஜூக்பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார். ராயல்டிக்கு வட்டியும் முதலுமாக அதுதான்.

ஐந்தொகை

ஜூக்பாக்ஸுக்குத் தேய்மானம் போட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

மட்டுறுத்துநர்

தமிழ்ச் சினிமாப் பாட்டு உரிமை யாருக்கு என்ற சண்டையை இங்கே இழுத்துவந்த மூன்று பதிவுகளை அதற்கென்று உள்ள இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பிரைன் மட்டும். தொடருங்கள்.

வடக்குவாசல்

நன்றி. எண்பதுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டோம், அதுதான் கதையின் முதுகெலும்பு என்பேன்.

ஓ பாய் முதலில் வெளியிட்டது என்ன? சிவப்பு நிறத் தட்டில் ஒரு கிறிஸ்துமஸ் சிங்கிள் (ஒற்றைப் பாட்டு வெளியீடு). பந்தாவே இல்லை. பக்கத்திலேயே குட்மனுக்காக 'ரெட் பஜாமாஸ்' என்று இன்னொரு பெயரில் அதே ஆட்கள் நடத்தினார்கள். குட்மன் இறந்த பிறகு நண்பர்கள் கூடிப் பாடிய அஞ்சலிக் கச்சேரியின் தட்டு 1987-இல் சமகால ஃபோக் பிரிவில் கிராமி வாங்கியது. அந்தப் பிரிவை ஆரம்பித்த முதல் வருடம் அது. பரிசு போனது இந்தச் சின்னக் கடைக்கு. அடுத்த வருடமும் அதே பிரிவில் குட்மனின் தட்டுக்கே.

பிரைனுக்கு இந்த வருடங்கள் சுகமாக இல்லை. தட்டு மெதுவாகப் போனது, கச்சேரி சுற்றிச் சுற்றி வந்தது, எண்பதுகளின் கடைசியில் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார். 1991-இல் ராக் பாடகர் டாம் பெட்டியின் குழுவில் பேஸ் கிதார் வாசித்த ஹோவி எப்ஸ்டைன் தயாரிக்க ஒரு ஆல்பம் வந்தது. உள்ளே புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், போனி ரெய்ட், டாம் பெட்டி என்று ஆட்கள் வந்து கூடப் பாடிவிட்டுப் போயிருக்கிறார்கள். கம்பெனியின் பணபலத்துக்காக வந்த கூட்டமா இது? பாட்டுக்காகவும் மனிதருக்காகவும் வந்தார்கள். 1992 கிராமி அதற்கு. அதற்கப்புறம் நிறுத்தும் பேச்சே எழவில்லை.

இன்னொரு விஷயம், இது எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம்: 2005-இல் டெட் கூசர் அமெரிக்க அரசவைக் கவிஞராக இருந்தபோது காங்கிரஸ் நூலகத்துக்கு பிரைனை அழைத்து மேடையில் உட்காரவைத்துப் பேசினார். கூசர் பல வருடம் நெப்ராஸ்காவில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தவர். இன்சூரன்ஸ்காரரும் தபால்காரரும்!

ஐந்தொகை

மாஸ்டர் பற்றி ஒன்று பாக்கி வைத்திருந்தேன்.

2000-இல் பிரைன் தன் எழுபதுகளின் பாட்டுகளைத் திரும்பப் பாடி ஒரு ஆல்பம் போட்டார். புதுக் குரலில், இறக்கின சுருதியில். ரசிகர் பார்வையில் பனைமரத்தடி சொன்ன ருசிக்காகக் கேட்கலாம். கணக்கர் பார்வையில் வேறொன்று தெரியும்: அட்லாண்டிக், அசைலம் காலத்துப் பதிவுகள் அந்தக் கம்பெனிகளின் பீரோவில். இந்தப் பதிவுகள் ஓ பாயின் பீரோவில். நாளைக்கு ஒரு படத்துக்காரர் பிரைன் குரலில் அந்தப் பாட்டு வேண்டும் என்று வந்தால், பேரம் பேச இவர்களிடமும் ஒரு பதிவு இருக்கிறது. டெய்லர் ஸ்விஃப்ட் 2021-லிருந்து இதைச் செய்தபோது உலகமே புருவம் உயர்த்தியது. ஆள்பலம் குறைந்த நாஷ்வில் கடை ஒன்று சத்தமில்லாமல் இருபது வருடம் முன்பே செய்துவிட்டது.

மாற்றுக்கட்சி

சரி, இது வலுவான வாதம். ஆனாலும் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. இன்றைக்குத் தொடங்குபவனுக்கு? பாடகி கில்லியன் வெல்ச் சொந்தமாக அகோனி ரெக்கார்ட்ஸ் வைத்துக்கொண்டார், அதற்கு முன் இரண்டு ஆல்பம் வேறு கம்பெனியில். பாடகர் டைலர் சில்டர்ஸ் 2017 ஆல்பத்தைச் சொந்த லேபிளில் (இசைத்தட்டுக் கம்பெனியில்) போட்டார், பெயர் வந்ததும் பெரிய கம்பெனியான ஆர்.சி.ஏ.வோடு கைகோத்தார். நான் பார்க்கும் எல்லாக் கதையிலும் பெரிய கம்பெனி ஏதோ ஒரு முனையில் உட்கார்ந்திருக்கிறது, முதலில் அல்லது கடைசியில்.

வடக்குவாசல்

ஆனி டிஃபிராங்கோ? 1990-இல் பஃபலோவில் சொந்த லேபிள், முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை. கையில் கேசட் விற்றே வந்தவர்.

பிரைன் பக்கம் திரும்பினால், கடைசி ஆல்பத்தைப் பாருங்கள். 2015-இல் மேனேஜர் புனெட்டா இறந்த பிறகு மனைவி ஃபியோனாவும் மகன் ஜோடி வீலனும் வியாபாரத்தைக் கையில் எடுத்தார்கள். புதுப் பாட்டு எழுதி பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஆளைப் பிடித்து நாஷ்வில்லிலேயே ஒரு ஹோட்டலில் ஒரு வாரத்துக்கு அறை போட்டு, கிதார்களையும் பெட்டி பெட்டியாக அரைகுறை வரிகளையும் கூட அனுப்பி, எழுதி முடித்துவிட்டு வா என்று விட்டுவிட்டார்கள். 2018 ஏப்ரலில் ஆல்பம். பில்போர்டில் 5-ஆம் இடம். அட்லாண்டிக்கின் முழுப் படை சேர்ந்து 154-க்குத் தள்ளிய மனிதரை, 71 வயதில், வீட்டு ஆட்கள் நடத்தும் கம்பெனி 5-க்குக் கொண்டுபோனது. இதற்கு மேல் நான் வாதாட ஒன்றுமில்லை.

மாற்றுக்கட்சி

154-க்கும் 5-க்கும் நடுவே 47 வருடம் இருக்கிறது என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டுப் போகிறேன். 2018-இல் தட்டு விற்கும் அளவே சுருங்கிவிட்டது, அப்போதைய 5 வேறு, 1971-இன் 5 வேறு. ஐந்தொகை சார் ஒத்துக்கொள்வார்.

2019-இல் பாடகி கெல்சி வால்டனை ஓ பாயில் சேர்த்தார்கள், பதினைந்து வருடத்தில் முதல் புது ஆள் என்று சொல்லி. அவர் கென்டக்கிக்காரர். ஜனங்கள் அந்தப் பெண்ணைக் கவனித்ததற்கு ஒரு காரணம், அட்டையில் பிரைனின் கம்பெனிப் பெயர். பிரைனுக்கு அட்லாண்டிக் இருந்த இடத்தில் அப்போது பிரைனே இருந்தார். கூப்பிட்டுக் கேட்டால் சிரித்திருப்பார்.

ஐந்தொகை

விற்பனை சுருங்கியது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தட்டுக்குக் கையில் நிற்கும் தொகையைப் பாருங்கள். பெரிய கம்பெனியில் கலைஞரின் பங்கிலிருந்து ஸ்டுடியோ செலவு, முன்பணம் எல்லாம் கழிந்த பிறகுதான் முதல் காசு வரும். பலருக்கு அது வருவதே இல்லை. சொந்தக் கடையில் செலவு போக மீதி வீட்டுக்கு. பட்டியலில் ஏறும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.

புதுவரவு

71-ஆம் ஆண்டு ஆல்பத்தை நேற்று முழுதாகக் கேட்டேன். நிலக்கரிப் பாட்டை நாலு தடவை. அடுத்து எது?

தட்டுப்பெட்டி

1991. அப்புறம் 99-இன் சோடிப் பாட்டுகள். அதற்குப் பிறகு 2018. எழுபதுகளில் மிச்சம் இருப்பதை நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம். 1979-இல் வந்த பிங்க் காடிலாக் மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள். எல்விஸை முதலில் பதிவு செய்த சாம் பிலிப்ஸின் பிள்ளைகள் மெம்பிஸில் தயாரித்தது, இரண்டு பாட்டுக்கு சாம் பிலிப்ஸே வந்து உட்கார்ந்தார். ஒரே இரைச்சல், வரியே காதில் விழாது.

பனைமரத்தடி

அண்ணை, அந்த இரைச்சலுக்காகத்தான் நான் அதை வாங்கினேன். அதை ஏன் கடைசிக்குத் தள்ளுகிறீர்கள்? புதுவரவு, இன்றைக்கே கேளுங்கள், சத்தத்தைக் கூட்டி வைத்து.

தட்டுப்பெட்டி

பிள்ளையைக் கெடுக்காதீர்கள்.